விடைக்குப் பதவுரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. நீ நிரப்பி அனுப்பிய குறுக்கெழுத்துக் கட்டம் கிடைத்தது. ஒரு விடைகூடத் தவறில்லை. விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் தோழிகள் சுற்றி உட்கார்ந்து போட்டீர்கள் என்பதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். கூடவே நீ எழுதியிருந்த ஒரு வரி மனத்தில் நின்றுவிட்டது. "விடை வந்துவிடுகிறது சித்தப்பா. எப்படி வந்தது என்று முதலாண்டுப் பெண்கள் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பொருந்துகிறது, அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தாய். இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு வரிக்கான பதில்.

'பொருந்துகிறது' என்பதை நான் விடையாக ஏற்க மாட்டேன். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நீ போகவேண்டிய தூரத்தில் பாதியிலேயே நின்றுவிட்டாய் என்ற கவலையில் சொல்கிறேன். நீ போட்ட கட்டத்திலிருந்தே ஒரு குறிப்பை எடுத்துக்கொள்.

பல்லிடையே ஒன்று சிக்கிய பொழுது (3)

நீ 'பகல்' என்று எழுதியிருக்கிறாய். விடை அதுதான். ஓரத்தில் "பொழுது என்றால் பகல், நடு எழுத்து க ஏற்கெனவே இருந்தது" என்று குறித்திருக்கிறாய். 'வைகறை'யும் ஒரு பொழுதுதானே? அதற்கும் மூன்று எழுத்து. அதற்கும் நடுவில் க. உன் காரணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் சமம். பகல் முதலில் நினைவுக்கு வந்தது, எழுதிவிட்டாய். வைகறை முதலில் வந்திருந்தால் அதை எழுதியிருப்பாய், அதோடு பக்கத்துச் சொற்கள் இரண்டும் கெட்டிருக்கும்.

இப்போது அந்தக் குறிப்பைச் சொல் சொல்லாகப் பிரி. 'பல்லிடையே' என்பது பல் + இடையே. தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்று பள்ளியில் புணர்ச்சி விதி படித்தாயே, அதனால்தான் இரண்டு ல். பிரித்துவிட்டால் ப, ல் என்ற இரண்டு எழுத்து கையில் இருக்கும். 'ஒன்று' என்பது தமிழ் எண்ணில் 1. அதன் வடிவம் க. 'சிக்கிய' என்பது உள்ளே புகுந்த என்ற செயலைச் சொல்கிறது. ப-வுக்கும் ல்-லுக்கும் இடையே க சிக்கினால் பகல். மிஞ்சியிருப்பது 'பொழுது'. அதுதான் விடையின் பொருள். மேலாகப் படிக்கும்போது அது 'சிக்கியபோது' என்று காலத்தைக் காட்டுவதாகத் தோன்றும். சாப்பிட்டுவிட்டுக் குச்சி தேடும் ஒருவர் கண்ணில் வருவார். உள்ளே புகுந்து பார்த்தால் அது நாளின் ஒரு பாகத்தைச் சொல்லும் தனிப் பெயர்ச்சொல். எல்லாச் சொல்லுக்கும் வேலை இருக்கிறது. ஒன்றுகூட மிச்சமில்லை. 'வைகறை' இதில் எங்கும் நுழைய முடியாது.

இப்படிச் சொல்லிவிட்டால் அந்த முதலாண்டுப் பெண் உன்னிடம் மறுகேள்வி கேட்க மாட்டாள். அடுத்த குறிப்பில் 'ஒன்று' வந்தால் க-வைத் தேடுவாள்.

நம் உரையாசிரியர்கள் இந்த வேலையைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தார்கள். பாட்டின் கருத்தைத் திரட்டிச் சொல்வது பொழிப்புரை. ஒவ்வொரு பதத்தையும் எடுத்து இது இதற்கு என்று பொருள் சொல்லிக்கொண்டே போவது பதவுரை. பொழிப்புரையில் ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது. பதவுரையில் முடியாது, விட்ட சொல் அங்கேயே நின்று கேள்வி கேட்கும். இப்படிச் சூழ்ச்சி வைத்த 'கிரிப்டிக்' குறிப்புக்கு விளக்கம் என்றால் அது பதவுரைதான். நீ இதுவரை தோழிகளுக்குச் சொல்லிவந்தது பொழிப்புரை.

தமிழில் ஊகத்தால் விடை போடுவது ஆங்கிலத்தைவிட எளிது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலக் கட்டத்தில் இரண்டு சொற்கள் சந்திக்கும் இடம் 26 எழுத்துகளில் ஒன்றைத்தான் காட்டிக்கொடுக்கும். நம் கட்டத்திலோ 247 எழுத்துகளில் ஒன்று முழு உயிர்மெய்யாக வந்து உட்கார்ந்துவிடும். 'வி' என்று ஒரு சந்திப்பு கிடைத்தால் பாதிச் சொல் கிடைத்த மாதிரி. ஆகவே குறிப்பைச் சரியாகப் படிக்காமலே கட்டத்தை நிரப்பிவிட முடியும். வார இதழ்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், சில நேரம் கீழிருந்து மேல் என்று போட்டுப் பழகிய நமக்கு நிரப்பி முடித்தாலே வேலை முடிந்தது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அந்தப் புதிர்களுக்கு அது போதும். குறிப்பே ஒரு சின்னப் படைப்பாக இருக்கும் புதிருக்குப் போதாது.

நீ நிரப்பியதில் இன்னொன்று.

தலைபோகிற தொல்லைக்கு ஒரு வழி (2)

'பாதை' என்று போட்டு, "வழி என்றால் பாதை" என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் தலைபோகிற தொல்லை எதற்கு வந்தது? உடம்புக்கு வரும் தொல்லையை 'உபாதை' என்கிறோம். அதன் தலை, அதாவது முதல் எழுத்து உ, போய்விட்டால் பாதை. 'தலைபோகிற அவசரம்' என்று நாம் தினம் பேசும் பேச்சை வைத்தே இந்தப் பூட்டு போட்டிருக்கிறது. பேச்சு வழக்கில் தலை போகாது; குறிப்பில் உண்மையிலேயே போகிறது. 'க்கு' என்ற உருபு இரண்டு பாதியையும் இணைக்கிறது. 'ஒரு'வுக்கு என்ன கணக்கு? உன் தோழி ஒருத்தி "ஒன்று க என்றால் ஒருவும் க தானே" என்று கேட்டாள் என்றாயே, நல்ல கேள்வி. அவளிடம் சொல்: க-வுக்கு இங்கே இடமே இல்லை, ஆகவே அந்த வழி மூடியது. 'ஒரு வழி' என்பது சேர்ந்தே விடையின் பொருள். தமிழில் 'ஒரு' இப்படிப் பெயரோடு இயல்பாக ஒட்டி வரும். அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் உன்னைக் குற்றம் சொல்வேன்.

சொற்களை எப்படிச் சந்தேகிப்பது என்று கேட்டிருந்தாய். முதலில் குறிப்பின் இரண்டு முனைகளைப் பார். விடையின் நேர்ப்பொருள் தொடக்கத்திலோ முடிவிலோ நிற்கும், நடுவில் நிற்காது. தமிழில் அது பெரும்பாலும் முடிவில் நிற்கும். காரணம் நம் பெயரெச்சம். 'சிக்கிய பொழுது', 'ஒளித்த சாப்பாடு' என்று வினையை முன்னால் வைத்துப் பெயரைப் பின்னால் தொங்கவிடுவது நம் இலக்கணத்துக்கு இயல்பு. புதிர் அமைப்பவர் எழுத்து விளையாட்டைப் பெயரெச்சத்தோடு முடித்து, பொருளை அதன் பின்னால் வைத்துவிடுவார். ஆகவே பெயரெச்சத்தைக் கண்டால் அங்கே கத்தியை வைத்து வெட்டிப் பார்.

அறிவிருந்தும் ஒளித்த தடபுடல் சாப்பாடு (4)

'ஒளித்த' என்ற பெயரெச்சத்துக்குப் பின்னால் வெட்டினால், தடபுடல் சாப்பாடு ஒரு பக்கம். மறுபக்கம் 'அறிவிருந்தும்' எதையோ ஒளித்துவைத்திருக்கிறது. அறிவு இருந்தும் என்று மனம் பிரித்துப் படித்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. எழுத்தெழுத்தாகப் படி: அ, றி, வி, ரு, ந், து, ம். விருந்து அங்கேயே இருக்கிறது. புணர்ச்சியால் சொற்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும் மொழியில் ஒளித்துவைக்க எவ்வளவு இடம் பார்.

இந்த உத்திகள் மேற்கிலிருந்து வந்தவை, நாம் கடன் வாங்கி ஆடுகிறோம் என்று உன் பேராசிரியர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். கட்டம் வெளியிலிருந்து வந்தது, உண்மை. ஆர்தர் வின் அமைத்த முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் வந்தது. அது நேரடிப் பொருள் கேட்கும் புதிர். குறிப்புக்குள் சூழ்ச்சி வைக்கும் வகை 1920களில் இங்கிலாந்தில் வளர்ந்தது. அங்கிருந்து இந்திய ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு வந்தது. 'தி ஹிந்து' 1971இல் தன் சொந்தப் புதிரைத் தொடங்கியபோது அதை அமைத்தவர், கடற்படைத் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி, செங்கல்பட்டில் பிறந்தவர். உன் அப்பாவும் நானும் ஆங்கிலப் புதிரைக் கற்றது அந்தக் கட்டத்தில்தான்.

எழுத்தை வைத்து ஆடும் ஆட்டம் மட்டும் நமக்குப் புதிதல்ல. தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைத் திறந்து சித்திரகவி வகைகளைப் படி. ஒரு சொல்லில் எழுத்தை ஒவ்வொன்றாகக் குறைத்து வெவ்வேறு பொருள் காண்பது அக்கரச்சுதகம். உபாதையிலிருந்து பாதைக்கு வந்தோமே, அந்தக் குடும்பம். எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது எழுத்து வருத்தனம். பல வினாக்களுக்கு விடை சொல்லி, அந்த விடைகளைச் சேர்த்தால் ஒரு சொல் கிடைப்பது வினாவுத்தரம். பாட்டுக்குள் வேறொரு பாட்டை மறைப்பது கரந்துறை செய்யுள். முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே வருவது மாலைமாற்று. திருஞானசம்பந்தர் சீர்காழிக்கு ஒரு முழுப் பதிகமே அப்படிப் பாடியிருக்கிறார். காளமேகத்தின் சிலேடையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு நன்னூல் எண்ணிவைத்திருக்கும் 42 ஓரெழுத்து ஒருமொழிகள்: ஆ என்றால் பசு, கோ என்றால் அரசன், நா, பூ, தீ, மை, தை, பை. ஆங்கிலத்தில் புதிர் அமைப்பவர் ஓரெழுத்தைக் கொண்டுவர ரோமன் எண்ணையும் சுருக்கக் குறிகளையும் நாட வேண்டும். நமக்கு ஓரெழுத்தே பொருளோடு வருகிறது. போதாதற்கு ஏழு ஸ்வரங்கள், தமிழ் எண்கள். இவ்வளவு சொத்து இருந்தும் நம் பத்திரிகைகள் கிரிப்டிக் வகைக்குப் பெரிதாக இடம் கொடுக்கவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். கலிஃபோர்னியாவிலிருந்து வரும் 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் அமைத்த குறுக்கெழுத்துகளைத் தேடிப் பிடித்துப் போட்டுப் பார். தமிழில் இது எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும்.

காவிரி பிறக்கும் நாட்டுக்கு எந்தப் பக்கமிருந்தும் வரலாம் (3)

இதற்கு நீ எழுதிய விளக்கம்தான் உன் கடிதத்திலேயே சிறந்தது. "குடகு. திருப்பிப் படித்தாலும் குடகு. க்கு இணைப்பு." மூன்றே வாக்கியம், எல்லாம் வந்துவிட்டது. நீளமாக விளக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை என்பதற்கு இதுவே சான்று.

அதேபோல 'ஞாயிறு போனால் வரும் (4)' என்பதற்குத் 'திங்கள்' என்று போட்டு, "கிழமை" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். பாதி விளக்கம். கதிரவன் மறைந்தால் நிலவு வரும் என்ற மறுபாதியையும் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம் இரண்டு வானத்தையும் தொடும்போது ஒன்றை மட்டும் காட்டுவது அமைத்தவருக்குச் செய்யும் குறை.

இனி நீயே அமைத்து அனுப்பிய குறிப்புக்கு வருகிறேன்.

தனியாகக் கரம் பற்றிய பெண்ணின் கூந்தலில் இருப்பது (4)

விடை மல்லிகை என்று பார்த்ததும் பிடிபட்டது. தனியா என்றால் கொத்தமல்லி விதை, அதாவது மல்லி. கரம் என்றால் கை. கற்பனை அழகு. சமையலறை மல்லியைக் கல்யாணப் பெண்ணின் கூந்தல்வரை கொண்டுபோயிருக்கிறாய். ஆனால் பதவுரை எழுதிப் பார். நீ எழுதியது 'தனியா' அல்ல, 'தனியாக'. அந்தக் க-வை என்ன செய்வாய்? சேர்த்தால் விடை வராது. விடச் சொல்லவும் குறிப்பில் சொல் இல்லை. 'பெண்ணின்' வேறு அதிகப்படியாக நிற்கிறது. நான் இப்படி மாற்றுவேன்: 'தனியா கரம் பற்றியபின் கூந்தலில் மணப்பது (4)'. தனியா ஒரு பெண்ணின் பெயர் போலவும் ஒலிக்கும். கல்யாணக் காட்சியும் கெடவில்லை. எல்லாச் சொல்லுக்கும் வேலை வந்துவிட்டது. நீ இதைவிட நன்றாகவும் மாற்றலாம். ஆனால் அந்தக் க போகவேண்டும்.

ஓரெழுத்துக்கு இவ்வளவா என்று நினைப்பாய். இந்தக் கறாரைப் பற்றி இங்கிலாந்தில் ஒரு தலைமுறையே வாதிட்டிருக்கிறது. எட்வர்ட் பவிஸ் மேதர்ஸ் என்பவர் 'டார்கெமடா' என்ற பெயரில் 1926 முதல் 'அப்சர்வர்' இதழில் புதிர் அமைத்தார். ஸ்பெயினில் மதவிசாரணை நடத்திச் சித்திரவதைக்குப் பேர்போனவனின் பெயர் அது. புதிர்களும் அப்படித்தான் இருந்தன: அறிவு மிகுந்தவை, ஆனால் விடைக்கு வழி எப்போதும் நேராக இருக்காது. 1939இல் அவர் இறந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர் டெரிக் மக்நட் என்ற ஆசிரியர். அவரும் இன்னொரு விசாரணையாளரின் பெயரான 'ஸிமெனெஸ்' என்பதை எடுத்துக்கொண்டார். ஆனால் ஆட்டத்துக்கு நியாயம் வகுத்தார். நல்ல குறிப்பில் துல்லியமான பொருள் ஒன்று, அதற்கு நேர்மையாக இட்டுச்செல்லும் சொல் விளையாட்டு ஒன்று, இந்த இரண்டையும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்பது அவர் வழி. 1966இல் அதை ஒரு புத்தகமாகவே எழுதினார். அவருக்குப் பின் 1972இல் வந்த ஜொனதன் க்ரவுதர், டெஸா என்ற விசாரணையாளரின் பெயரைத் திருப்பிப் போட்டு 'அஸெட்' ஆனார்.

ஸிமெனெஸின் விதியை அமைப்பவருக்கான விதியாகத்தான் எல்லாரும் படிக்கிறார்கள். அது தீர்ப்பவருக்கும் விதி என்று நான் நம்புகிறேன். அமைத்தவர் ஒரு சொல்லைக்கூட வீணாக வைக்கவில்லை என்றால், நீயும் ஒரு சொல்லைக்கூட வீணாக விடக் கூடாது. அவர் பல மணி நேரம் உட்கார்ந்து 'சிக்கிய' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதை நீ பார்க்கவே இல்லை என்றால், விடை சரியாக இருந்தும் அவரை நீ சந்திக்கவே இல்லை.

இந்தச் சந்திப்பு எவ்வளவு ஆழமாகப் போகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். ஜான் கிரஹாம் என்ற பாதிரியார் 'அரௌகேரியா' என்ற பெயரில் 1958 முதல் 'கார்டியன்' நாளிதழுக்குப் புதிர் அமைத்துவந்தார். ஸிமெனெஸ் விதிகளை அப்படியே பின்பற்றியவர் அல்லர், கொஞ்சம் தாராளமானவர். ஆனாலும் வாசகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். 2013 ஜனவரியில் வந்த அவருடைய புதிரின் மேல் ஒரு முன்குறிப்பு இருந்தது. தனக்கு இன்ன எண்ணில் உள்ளது, இன்ன எண்ணின் இடத்தில் வந்திருக்கிறது, இன்ன எண்ணால் கவனிக்கப்படுகிறது என்று கட்ட எண்களை மட்டும் போட்டிருந்தார். வாசகர்கள் விடைகளை ஒவ்வொன்றாகக் கண்டு நிரப்பியபோதுதான் தெரிந்தது: புற்றுநோய், உணவுக்குழாய், வலிதணிப்புச் சிகிச்சை. அப்போது அவருக்கு 91 வயது. அந்த நவம்பரில் இறந்தார். தன் வாழ்க்கையின் மிகக் கடினமான செய்தியைச் சொல்ல அவர் நம்பிய ஆட்கள், தன் சொற்களை ஒவ்வொன்றாகப் படிப்பவர்கள். மேலாகப் படித்துப் பொருத்திப் போடுபவர்களை நம்பி ஒருவர் அப்படி எழுத மாட்டார்.

உன் தோழிகளுக்கு விளக்குவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கேதான் உனக்கு நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

விடையை முதலில் சொல்லாதே. அவள் எங்கே நிற்கிறாள் என்று கேள். "பல்லு சம்பந்தமா ஏதோ, ஆனா எனக்குப் புரியல அக்கா" என்பாள். சரி, பொருள் எந்த முனையில் இருக்கும் என்று கேட்டு நிறுத்து. காத்திரு. அவள் 'பொழுது' என்று சொன்னால் பாதி வேலை அவளே செய்துவிட்டாள். அதற்கும் வரவில்லை என்றால், மீதிச் சொற்களில் செயலைச் சொல்லும் சொல் எது என்று கேள். அங்கேயும் நின்றால் 'ஒன்று' என்பதைத் தமிழ் எண்ணில் எழுதச் சொல். அவள் கையே க-வை எழுதிவிடும். விடை அவள் வாயிலிருந்து வரவேண்டும். நீ பகல் என்று சொல்லிவிட்டுப் பிறகு காரணம் அடுக்கினால் அவள் தலையாட்டுவாள். அடுத்த குறிப்பில் மறுபடி உன் முகத்தைப் பார்ப்பாள்.

'இது ரொம்ப ஈஸி' என்ற பேச்சே வேண்டாம். தெரிந்துகொண்டபின் எல்லாக் குறிப்பும் எளிதுதான். தெரியாமல் நிற்பவளிடம் அதைச் சொன்னால் அவள் கட்டத்தை மூடிவைத்துவிடுவாள். அவள் தவறான விடையைக் காரணத்தோடு சொன்னால் அந்தக் காரணத்தை முழுதாகக் கேள். சில நேரம் அவள் வழியும் நியாயமாக இருக்கும். அப்போது குறிப்பில்தான் ஓட்டை. அதை அமைத்தவருக்குச் சொல்ல வேண்டும். இங்கே அமைத்தவர் நான்தான் என்பதால் தயங்காமல் எழுது.

'புலவர் விளைச்சலுக்கு மாற்றி விதைக (3)' என்பதை ஒருத்தி தானே கண்டுபிடித்துத் துள்ளினாள் என்று எழுதியிருந்தாயே, அவளிடம் அங்கேயே பதவுரை கேட்டிருக்க வேண்டும். மாற்றி என்பது எழுத்தை இடம் மாற்றச் சொல்வது, மாற்ற வேண்டியது விதைக, வி-தை-க மாறினால் க-வி-தை, அது புலவரின் விளைச்சல் என்று அவள் வாயால் சொல்லியிருந்தால், துள்ளல் அடங்கியபின்னும் அந்த அறிவு அவளிடம் தங்கியிருக்கும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொள். விடை இதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் இந்த ஒரு சொல்லுக்கு எனக்குக் கணக்கு வரவில்லை என்று சொல்வது நல்ல விளக்கம். இல்லாத பொருளை அகராதியின் மூலையிலிருந்து இழுத்துவந்து ஒட்டவைப்பது மோசமான விளக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த பெருங்கடல். அதில் தேடினால் ஏறக்குறைய எதற்கும் எந்தப் பொருளும் கிடைத்துவிடும் என்ற மயக்கம் வரும். முதலில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பார். அதில் இருக்கும் பொருளில் குறிப்பு விடியவில்லை என்றால்தான் லெக்சிகனுக்குப் போ. போனாலும், கண்ட பொருளை ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார். விடைச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் அது இயல்பாக உட்கார வேண்டும். பெயருக்குப் பெயர், வினைக்கு வினை.

வேகத்தைப் பற்றியும் கேட்டாய். பத்து நிமிடத்தில் முடிக்கும் சீனியர் ஒருத்தி இருக்கிறாள் என்றாய். 1942 ஜனவரியில் லண்டனில் 'டெய்லி டெலிகிராஃப்' அலுவலகத்தில் 12 நிமிடத்துக்குள் ஒரு புதிரை முடிக்கும் போட்டி நடந்தது. கலந்துகொண்ட சிலருக்குப் பிறகு அரசிடமிருந்து கடிதம் வந்து, பிளெட்ச்லி பார்க்கில் எதிரியின் சங்கேதங்களை உடைக்கும் வேலைக்குப் போனார்கள். போர்க்காலத்தில் வேகத்துக்கு மதிப்பு உண்டு. உன் விடுதியில் போர் இல்லை. அந்தச் சீனியரிடம் போட்டி போடாதே. அவளையும் உட்காரவைத்து விளக்கச் சொல். சொல்லத் தெரிந்தால் அவளிடமிருந்து கற்றுக்கொள்.

அண்ணியிடம் என் அன்பைச் சொல். அடுத்த கட்டத்தை வேலை முடித்து மாதக் கடைசியில் அனுப்புகிறேன். அதுவரைக்கும் ஒரே ஒரு குறிப்பு. இதை முதலில் அந்த முதலாண்டுப் பெண்களிடம் கொடு, நீ வாயைத் திறக்காதே:

முதல் ஸ்வரமும் மோகமும் சேர்ந்த அடுப்படி வேலை (4)

யார் கண்டுபிடித்தாலும் அவளையே எனக்கு எழுதச் சொல். விடையை மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆறு சொற்களுக்கும் பதவுரை வரவேண்டும்.

அன்புடன்,
சித்தப்பா